கொச்சிக்கு மாரத்தான் ஓடப் போகிறவர்களுக்கு: எதை எப்போது செய்வது, ஊரை எப்போது பார்ப்பது

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கமிருந்து வருடா வருடம் ஐந்தாறு பேர் கொச்சிக்கு ஓடப் போகிறோம். கூட்டத்தில் புதிதாக இரண்டு பேராவது இருப்பார்கள், அந்த இரண்டு பேரும் தவறாமல் ஒரே தப்பைச் செய்வார்கள்: சனிக்கிழமை முழுக்க ஊர் சுற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை முப்பதாவது கிலோமீட்டரில் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் வருடம் நான் உட்கார்ந்த கல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கொச்சியில் பார்க்க நிறைய இருக்கிறது, அவ்வளவு தூரம் போய்விட்டு ஒன்றையும் பார்க்காமல் திரும்புவதும் முட்டாள்தனம்தான். ஆனால் வரிசை முக்கியம். ஓடுவதற்கு முன்னால் உட்கார்ந்தபடி பார்க்கக் கூடியதை மட்டும் பாருங்கள். நடந்து பார்க்க வேண்டியதை எல்லாம் ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல், அதாவது நாற்பத்திரண்டு கிலோமீட்டர் முழு மாரத்தான் ஓடுகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஹாஃப், அதில் பாதி தூரம் ஓடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பத்து கிலோமீட்டர்காரர்கள் சனிக்கிழமையைக் கண்டு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

1. டிக்கெட் போடுமுன் இரவுகளை எண்ணுங்கள்

போட்டி ஞாயிறு விடியற்காலை என்றால் வெள்ளிக்கிழமை காலையே கொச்சியில் இருங்கள். சனிக்கிழமை இரவு யாருக்கும் ஒழுங்காகத் தூக்கம் வராது. பதற்றம் ஒரு பக்கம், இரண்டு மணிக்கு அலாரம் ஒரு பக்கம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை உங்களை ஓட வைப்பது வெள்ளி இரவுத் தூக்கம்தான். அந்த இரவை ரயிலில் கழித்தால் இரண்டு இரவும் போச்சு.

நம் பக்கத்துக்கு வசதியான வண்டி பாலருவி. நள்ளிரவு தாண்டி செங்கோட்டையில் ஏறினால் புனலூர், கொல்லம், கோட்டயம் வழியாகக் காலையில் எர்ணாகுளம் டவுன். இதில் ஒரு பொறி இருக்கிறது. வியாழன் இரவு சாப்பிட்டுவிட்டு வீட்டிலிருந்து கிளம்பினாலும் நீங்கள் ஏறும்போது தேதி வெள்ளி. டிக்கெட்டில் வெள்ளிக்கிழமை தேதி போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வெள்ளி இரவு பையும் கையுமாக ஸ்டேஷனுக்கு வந்து நின்றார் எங்கள் கூட்டத்து அண்ணன் ஒருவர். வண்டி அன்று காலையிலேயே எர்ணாகுளம் போய்ச் சேர்ந்திருந்தது.

எர்ணாகுளத்தில் இரண்டு பெரிய நிலையங்கள். டவுன் என்பதை ஊர்க்காரர்கள் நார்த் என்பார்கள், ஜங்ஷனை சவுத் என்பார்கள். பாலருவி நிற்பது நார்த்தில். சென்னையிலிருந்து வரும் திருவனந்தபுரம் மெயிலும் அங்கேதான், ஆலப்புழை எக்ஸ்பிரஸ் சவுத்தில். நண்பர்கள் வேறு வேறு ஊரிலிருந்து வந்து சேர்வதாக இருந்தால் எந்த நிலையம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

திரும்புவதற்கு ஞாயிறு மதியம் டிக்கெட் போடவே போடாதீர்கள். ஓட்டம் முடிந்து, குளித்து, சாப்பிட்டு, கால் நீட்டுவதற்குள் ஓட வேண்டியிருக்கும், அதுவும் ஓட முடியாத காலோடு. திங்கள் மாலை பாலருவிக்கே போடுங்கள். முடிந்தால் கீழ்ப்படுக்கை கேளுங்கள். மேல்படுக்கை கிடைத்தவர் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

2. அறைக்குப் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள்

அறை எர்ணாகுளம் பக்கமாகவே இருக்கட்டும், ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ஃபோர்ட் கொச்சியில் அழகான பழைய வீடுகள் வாடகைக்குக் கிடைக்கும்தான். ஆனால் தொடக்கம் எர்ணாகுளத்தில் என்றால், விடியற்காலையில் பாலங்களில் போக்குவரத்தை நிறுத்தியிருக்கும் நேரத்தில், அங்கிருந்து வந்து சேர்வது தனி மாரத்தான். ஆசை இருந்தால் ஞாயிறு இரவுக்கு மட்டும் அங்கே அறை போடுங்கள்.

அறைக்காரரிடம் கேட்க வேண்டியவை. விடியற்காலை மூன்று மணிக்கு கேட்டைத் திறந்துவிட ஆள் இருக்குமா? இதைக் கேட்காமல் போய், ஒரு லாட்ஜில் பூட்டின கேட்டுக்குப் பின்னால் நின்று வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் சுவரேறிக் குதித்துத்தான் நான் என் இரண்டாவது மாரத்தானுக்குப் போனேன். அடுத்து, லிஃப்ட் உண்டா, இல்லாவிட்டால் தரைத்தளத்தில் அறை கிடைக்குமா? அப்புறம், கக்கூஸ் எந்த மாதிரி? சிரிக்காதீர்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டுக் குத்த வைத்து உட்காரவும் முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் முடியாது. கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை அறையை எத்தனை மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள்? ஓடிவிட்டு வந்து குளிக்க ஓர் இடம் வேண்டும், அதற்குப் பாதி வாடகை கூடக் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

3. பையில் என்ன வேண்டும்

ஆதார் மாதிரி அசல் அடையாள அட்டை ஒன்று, பதிவு செய்ததற்கு வந்த மெயிலின் பிரிண்ட். போனில் இருக்கிறது என்று சொல்வீர்கள், பிப் (பனியனில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண் அட்டை) வாங்கும் கவுண்டரில் நெட் கிடைக்காமல் நிற்கும்போதுதான் தெரியும்.

ஓடிப் பழகிய ஷூ, ஓடிப் பழகிய பனியன், ஓடிப் பழகிய ஜட்டி. புதுசு ஒன்றும் வேண்டாம். காலுறை இரண்டு ஜோடி. வாஸ்லின் கட்டாயம், ஏனென்றால் கொச்சியில் வேர்வை காயாது, ஈரத் துணி தொடையிலும் அக்குளிலும் மார்பிலும் உரசி உரசித் தோலை எடுத்துவிடும். ஓஆர்எஸ் பாக்கெட் ஐந்தாறு. ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் எனர்ஜி ஜெல் பழக்கம் உண்டென்றால் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், அங்கே போய் வேறு கம்பெனி ஜெல்லை முதல் முறையாக வாயில் வைக்க வேண்டாம்.

கொசுவிரட்டி எடுத்துப் போங்கள். கொச்சிக் கொசு பற்றி ஊர்க்காரர்களே புலம்புவார்கள். ஏற்கெனவே அரைத் தூக்கம்தான், அதையும் கொசு தின்றுவிடும். வார்ச் செருப்பு ஒரு ஜோடி, ஓடிய பிறகு போட. முழங்காலை மூடும் பேன்ட் ஒன்று. காரணம் பதினோராவது படியில் வரும்.

4. வெள்ளிக்கிழமை: முதலில் பிப், பிறகு படகு

வெள்ளியன்றே பிப் தருகிறார்கள் என்றால் குளித்ததும் முதல் வேலை அதுதான். சனிக்கிழமை கூட்டம் அலைமோதும், வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பது காலுக்கு நல்லதில்லை. அங்கே ஷூ, பெல்ட், பவுடர் என்று கடை விரித்திருப்பார்கள். ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பிப்பைக் கையில் வாங்கியதும் அங்கேயே சரிபாருங்கள். பெயர், தூரம், நேரம் பதிவாகும் சிப் இருக்கிறதா, ஊக்கு நான்கு இருக்கிறதா. பிப்பின் பின்பக்கத்தில் ரத்த வகையும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய நம்பரும் எழுதும் இடம் இருக்கும், அதை அப்போதே பேனா எடுத்து நிரப்பிவிடுங்கள். கூட ஓட வந்த நண்பரின் நம்பரை அதில் எழுதாதீர்கள், அவரும் ஓடிக்கொண்டிருப்பார்.

வேலை முடிந்ததா, இனி படகு. எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு போகும், டிக்கெட் ஒரு டீ விலைகூட வராது. ஒரு பக்கம் வில்லிங்டன் தீவு, இன்னொரு பக்கம் வல்லார்பாடத்துக் கிரேன்கள், நடுவே பெரிய கப்பல் ஏதாவது. இருபது நிமிடம் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். 2023-இல் வந்த வாட்டர் மெட்ரோ இன்னொரு வழி. ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து ஏறலாம், பேட்டரியில் ஓடும் ஏசி படகு. எனக்குப் பழைய படகுதான் பிடிக்கும், ஜன்னலில் கண்ணாடி இல்லாததால்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கி ஒரு கட்டன் சாயா (பால் இல்லாத டீ) குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்புங்கள். இறங்கியதும் தெருத் தெருவாக நடக்கக் கால் அரிக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கேதான் வரப் போகிறோம், பொறுங்கள்.

வெள்ளி இரவு ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுங்கள்.

5. சனிக்கிழமை: கடைசி ஐந்து கிலோமீட்டரை மட்டும் பாருங்கள்

காலையில் மரைன் டிரைவ் நடைபாதையில் இருபது நிமிடம் மெதுவாக ஓடுங்கள், பேசிக்கொண்டே ஓடும் வேகம். பயணத்தில் மரத்துப்போன கால் இளகும், அதோடு கொச்சிக் காற்று எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியும்.

பிறகு ஓர் ஆட்டோ பிடித்து, பாதையின் கடைசி ஐந்து கிலோமீட்டரை மட்டும் போய்ப் பார்த்து வாருங்கள். முழுப் பாதையையும் பார்க்கத் தேவையில்லை, பார்த்தால் பயம்தான் வரும். கடைசிப் பகுதியில்தான் மனசு கைவிடும். அப்போது இந்தப் பெட்ரோல் பங்க் தாண்டினால் இரண்டு கிலோமீட்டர், அந்தச் சர்ச் தாண்டினால் ஒன்று என்று முன்பே பார்த்த அடையாளம் இருந்தால், தூரம் துண்டு துண்டாகக் குறைவது தெரியும். கொச்சி சமதளம் என்று எல்லோரும் சொல்வார்கள். குற்றாலம் ரோட்டில் ஏறி இறங்கிப் பழகிய நமக்கு சமதளம்தான், ஆனால் பாலங்கள் இருக்கின்றன. பாதையில் பாலமோ மேம்பாலமோ எங்கே வருகிறது என்று மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மதியம் தூங்குங்கள். தூக்கம் வராவிட்டால் மெட்ரோவில் ஏறுங்கள். ஆலுவாவிலிருந்து திருப்பூணித்துறை வரை 25 நிலையங்கள், சுமார் 28 கிலோமீட்டர். சீட் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து கடைசி வரை போய்விட்டு அதே மாதிரி திரும்பினால், ஊர் முழுவதையும் மேலிருந்து ஏசியில் பார்த்தாயிற்று.

சனிக்கிழமை போகவே கூடாத இடம், இடப்பள்ளி மெட்ரோ நிலையத்தை ஒட்டியிருக்கிற பெரிய மால். சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போவீர்கள். உள்ளே போனால் மூன்று மணி நேரம் பளிங்குத் தரையில் நடை. நன்றாகப் பயிற்சி எடுத்திருந்த தம்பி ஒருவன் இப்படித்தான் முதல் நாளே ஒரு லாங் ரன்னை மாலுக்குள் ஓடி முடித்தான்.

6. சாப்பாடு: கேரளச் சாப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள்

அதிகம் பேர் விழுவது இங்கேதான். கொச்சிக்குப் போய்விட்டு மீன் சாப்பிடாமல் இருக்க முடியுமா என்று சனிக்கிழமை இரவே ஆரம்பித்துவிடுவார்கள். முதல் வருடம் நான் செம்மீன் ரோஸ்ட் தின்றேன். அதிகாலையில் ஓட்டக்காரர்களுக்காக வைத்திருந்த நீல நிறத் தற்காலிகக் கழிப்பறைகளை அன்று நான் அறிந்த அளவு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

ஓடுவதற்கு முன் சாப்பிடலாம்: இடியாப்பம், ஆப்பத்தோடு காரம் குறைந்த காய்கறி ஸ்டூ, தோசை, இட்லி, வெள்ளைச் சோறு, மோர். ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) அருமை, அவித்தது இன்னும் நல்லது. இவை பெரும்பாலும் மாவுச்சத்து, நார் குறைவு, வயிற்றில் தங்காது.

ஓடுவதற்கு முன் வேண்டாம்: புட்டு-கடலை (கடலை வாயு, விளக்க வேண்டியதில்லை), மாட்டிறைச்சி வறுவல், மீன் பொள்ளிச்சது, கள்ளுக்கடைக் காரம், பழம்பொரி. மட்டை அரிசிச் சோறும் சேர்த்துத்தான். தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. நம் வீட்டில் பொன்னி சாப்பிட்டுவிட்டு அங்கே போய் சிவப்புச் சோற்றை முதல் முறையாக வயிறு முட்டத் தின்றால் அதன் நார் காலைவரை கூட வரும். சாப்பாட்டுக் கடையில் "வெள்ள அரி" என்று கேட்டால் வெள்ளைச் சோறு தருவார்கள்.

சனிக்கிழமை பெரிய சாப்பாடு மதியம்தான், இரவு ஏழு மணிக்குள் சின்னதாக முடித்துவிடுங்கள். இரண்டு மணிக்கு எழுந்திருக்கிறவருக்கு ஒன்பது மணிச் சாப்பாடு செரித்திருக்காது.

மேசையில் இளஞ்சிவப்பாகச் சூடு தண்ணீர் வைப்பார்கள். பயப்பட வேண்டாம், பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்தது, பச்சைத் தண்ணீரைவிட அதுவே மேல். இன்னொன்று, அங்கே "வெள்ளம்" என்றால் குடிதண்ணீர். நம் எல்லைப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், தமிழ்நாட்டின் உள்பகுதியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் ஓடும்போது பிள்ளைகள் "வெள்ளம், வெள்ளம்" என்று கத்தியதைக் கேட்டு ரோட்டைத்தான் பார்த்தார்.

7. ஞாயிறு விடியல்: தொடக்க இடத்துக்குப் போவது

சனிக்கிழமை மாலையே ஓர் ஆட்டோக்காரரிடம் பேசி வைத்து அவர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமாக மெட்ரோ ஓடத் தொடங்குமுன் நீங்கள் பாதி ஓடி முடித்திருப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை அது இன்னும் தாமதம். அமைப்பாளர்கள் தனி வண்டியோ சிறப்பு மெட்ரோவோ ஏற்பாடு செய்திருந்தால் மெயிலில் வந்திருக்கும், அதைப் படியுங்கள். செயலியில் அந்த நேரத்துக்கு வண்டி கிடைக்கும் என்று நம்பி நிற்காதீர்கள், உங்களைப் போலவே ஆயிரம் பேர் அதே நிமிடத்தில் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

ரோடு அடைத்திருக்கும். ஆட்டோ அரை கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டு, தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகப் போய்ச் சேருங்கள். பை ஒப்படைக்க வரிசை, கழிப்பறைக்கு வரிசை. பையில் மாற்றுத் துணி, வார்ச் செருப்பு, ஒரு ஓஆர்எஸ், கொஞ்சம் பணம். போன் உங்களோடு இருக்கட்டும்.

கிளம்புமுன் ஒரு ஏத்தம்பழம், கொஞ்சம் ரொட்டி, ஒரு டம்ளர் தண்ணீர். கால் வலிக்கக் கூடாதென்று முன்கூட்டியே வலி மாத்திரை போடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. கூடாது. உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது புருஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

8. ஓடும்போது: புழுக்கம்

நம் ஊரில் குண்டாறு அணை ரோட்டில் விடிகாலையில் ஓடும்போது மலைக்காற்று வேர்வையைக் காய வைத்துக்கொண்டே வரும். வேர்வை காயும்போதுதான் உடம்புச் சூடு இறங்கும். கொச்சிக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருப்பதால் வேர்வை சொட்டும், காயாது, சூடு உள்ளேயே நிற்கும். இதற்கு உடம்பு பழக பத்துப் பதினான்கு நாள் ஆகும், இரண்டு நாள் முன்னால் வந்ததால் பழகிவிடாது.

எனவே வேகத்தைக் குறையுங்கள். செங்கோட்டையில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்றால் இங்கே ஏழு என்று தொடங்குங்கள். முதல் பத்து கிலோமீட்டர் இருட்டில், பாட்டும் கைதட்டலுமாக, சும்மா பறப்பதுபோல் இருக்கும். ஏமாறாதீர்கள். வெயில் ஏறியதும் கொடுத்த கடனைக் கேட்க வந்துவிடும்.

எல்லாத் தண்ணீர் மேசையிலும் வெறும் தண்ணீரை வயிறு நிறையக் குடிப்பதும் ஆபத்து. வேர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, தண்ணீர் மட்டும் உள்ளே போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். தலை சுற்றல், வாந்தி, குழப்பம் வரும். தாகத்துக்கு ஏற்ப இரண்டு மடக்கு, இடையிடையே ஓஆர்எஸ், மீதித் தண்ணீர் தலையில். ஓடுகிற யாருக்காவது பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ உங்கள் நேரத்தை மறந்துவிட்டு நின்று மருத்துவ ஆட்களைக் கூப்பிடுங்கள்.

9. முடித்த பிறகு முதல் இரண்டு மணி நேரம்

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை கிறுகிறுக்கும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். மெடலோடு படம் எடுப்பதெல்லாம் நடந்தபடியே செய்யலாம்.

பிறகு பையை வாங்கி ஈரத் துணியை மாற்றுங்கள், ஷூவைக் கழற்றிச் செருப்புக்கு மாறுங்கள். குடிக்க சோடா-நாரங்கா கேளுங்கள், உப்புப் போட்டு. எலுமிச்சை, சோடா, உப்பு: அந்த நேரத்துக்கென்றே கண்டுபிடித்தது மாதிரி இருக்கும். சம்பாரம் கிடைத்தால் அதுவும் நல்லது, இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்ட மோர். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள், பசி இல்லாவிட்டாலும்.

கொச்சியில் தெருவுக்குத் தெரு ஆயுர்வேத மசாஜ் போர்டு இருக்கும். அன்றே போய்ப் படுக்க வேண்டாம். தசைநார்கள் உள்ளே நைந்து கிடக்கும், அதை அழுத்திப் பிசைந்தால் வலி கூடத்தான் செய்யும். இரண்டு நாள் போகட்டும்.

குளியல், சாப்பாடு, தூக்கம். மதியம் தட்டில் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் குழம்பும் இருக்கலாம். இனி தடை எதுவும் இல்லை.

10. ஞாயிறு மாலை: இப்போது ஃபோர்ட் கொச்சி

மூன்றரை மணிக்கு எழுந்து நடங்கள். கட்டிலிலேயே கிடந்தால் திங்கட்கிழமை இன்னும் இறுகும், சமதளத்தில் மெல்ல ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்தால் ரத்தம் ஓடிக் கால் இளகும். அதற்கு ஃபோர்ட் கொச்சியைவிட நல்ல இடம் இல்லை. மழை மரங்கள், மேடு பள்ளமில்லாத தெருக்கள், பத்தடிக்கு ஒரு டீக்கடை.

படகில் இறங்கி நேராகச் சீன வலைகளுக்குப் போங்கள். கல் கட்டித் தொங்கவிட்ட எதிர்பாரத்தால் நாலைந்து பேர் சேர்ந்து அவ்வளவு பெரிய வலையை இறக்கி ஏற்றுவார்கள். கரையிலே உட்கார்ந்து அதைப் பார்ப்பது இந்தக் காலுக்கு ஏற்ற வேலை. பக்கத்திலேயே வாஸ்கோட காமாவை 1524-இல் புதைத்த பிரான்சிஸ் தேவாலயம். பிறகு எலும்புகளை போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், கல் மட்டும் இருக்கிறது. ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பீர்கள், ஆகவே நஷ்டம் இல்லை.

கடலில் இறங்க வேண்டாம். செராயி மாதிரி நல்ல கடற்கரைக்குப் போனாலும் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள், தண்ணீருக்குள் கெண்டைக்கால் இழுத்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

பொழுது சாய்ந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் படகுக்கு வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை வாட்டர் மெட்ரோ வரிசை தெரு வரை நீளும். சூரியன் மறைய அரை மணி இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள், மறைவதைப் படகிலிருந்து பார்க்கலாம். வரிசையில் நிற்கும் தெம்பு அன்று கிடையாது.

11. திங்கள்: மட்டாஞ்சேரி

மட்டாஞ்சேரியைத் திங்கட்கிழமைக்கு வைத்ததற்குக் காரணம் விடுமுறை நாள்கள். அரண்மனை வெள்ளிக்கிழமை திறக்காது, யூதர் கோயில் சனிக்கிழமை திறக்காது. இது தெரியாமல் வெள்ளியும் சனியும் அலைந்து பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. திங்கட்கிழமை இரண்டும் திறந்திருக்கும்.

அரண்மனைக்குப் படி ஏற வேண்டும். ஏறுவது பரவாயில்லை, இறங்கும்போதுதான் தொடை கதறும். கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாகத் திரும்பி இறங்குங்கள், வலி பாதியாகக் குறையும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மேலே சுவர் முழுக்க ராமாயணம், அவசரமில்லாமல் பாருங்கள்.

யூதர் கோயிலுக்கு அரைக்கால் சட்டையோடு போனால் உள்ளே விடமாட்டார்கள், முழங்காலை மூடும் பேன்ட் எடுத்துவரச் சொன்னது இதற்குத்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகணும். தரையெங்கும் சீனாவிலிருந்து வந்த நீலப்பூ ஓடுகள், ஒன்றுபோல் ஒன்று இராது, எல்லாம் கையால் வரைந்தவை. கொப்புளம் விழுந்த பாதத்துக்கு அந்தக் குளிர்ச்சி, ஆஹா. வெளியே வரும் தெருவில் மிளகும் ஏலமும் விற்பார்கள். நமக்கு ஆரியங்காவு தாண்டினால் மிளகுக்கொடிதான், காசை மிச்சம் பிடியுங்கள்.

நேரம் இருந்தால் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் இருக்கும் டோபி கானாவுக்கு ஆட்டோவில் போங்கள். பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார் குடும்பங்கள் நடத்துவது. துவைகல், கொடிக் கயிறு, கஞ்சி போட்ட வேட்டிகள். வேலை நடக்கிற இடம், எனவே ஒதுங்கி நின்று பாருங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பேச்சு கொடுத்தால் நம் தமிழிலேயே பதில் வரும். நான்கு நாள் அரைகுறை மலையாளம் பேசிய நாக்குக்கு அது பெரிய ஆறுதல். எல்லைக்காரர்களான நம் மலையாளம் புனலூர் வரைதான் செல்லும், கொச்சிக்காரர் வேகமாகப் பேசினால் நாம் வெறும் தலையாட்டிதான்.

12. வீட்டு ஆட்கள் கூட வந்தால்

அவர்களுக்குத் தனித் திட்டம் போடுங்கள். ஓடாதவர்கள் உங்களோடு அறையில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை, நீங்களும் அவர்களோடு அலைய வேண்டியதில்லை. இதை ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள், கொச்சியில் வைத்துப் பேசினால் சண்டை.

திருப்பூணித்துறை ஹில் பேலஸ் அவர்களுக்கு ஏற்றது. பெரிய வளாகம், நிறைய நடை, ஓடுகிறவருக்கு ஆகாது. திங்கட்கிழமை விடுமுறை, எனவே சனிக்கிழமை அனுப்புங்கள். எர்ணாகுளத்தப்பன் கோயிலுக்கு எல்லோரும் சேர்ந்தே போகலாம், பக்கம்தான், ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி இருந்தால் வசதி.

ஞாயிறு காலை முடிவுக் கோட்டில் வந்து நிற்கச் சொல்லும்போது எந்தக் கம்பம், எந்த மரத்தடி என்று இடத்தைக் குறித்துச் சொல்லுங்கள். கூட்டத்தில் போன் கேட்காது, சார்ஜும் இருக்காது.

13. திரும்புதல்

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். பந்த், ஹர்த்தால் என்று ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று முதல் நாளே செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள், ரயில் ஓடினாலும் ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோ கிடைக்காமல் போகலாம். நார்த் ஸ்டேஷனுக்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள், நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டி வந்தால் உங்களுக்கு வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரம் ஆகும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பெட்டிக்குள்ளேயே நடங்கள். உட்கார்ந்தே வந்தால் முழங்கால் பூட்டிக்கொள்ளும். புனலூர் தாண்டியதும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அசந்து தூங்கி திருநெல்வேலியில் கண் விழித்தவர்களும் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். செங்கோட்டையில் வண்டி முழுசாக நிற்கட்டும், முதலில் பையைக் கீழே கொடுத்துவிடுங்கள், அப்புறம் இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு, மட்டாஞ்சேரியில் இறங்கின மாதிரியே பின்பக்கமாகத் திரும்பி இறங்குங்கள். அந்த நேரத்தில் பிளாட்பாரத்தில் சிரிக்க ஆள் இருக்காது.